புல் பிடுங்கிய காடு

ஜப்பான்காரர் மலாயாவுக்கு வந்த இரண்டாவது வருஷம், மழைக்கு முந்திய வாரத்தில், ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் பக்கம் போய்வந்தேன். நான் காட்டிலாகா கிராணி, கணக்கு எழுதுகிறவன். வெள்ளைக்காரத் துரைகள் சிறையில். காவலாளிகள் ஆளுக்கொரு திசையில். மிச்சம் நான் ஒருத்தன். மனைவியும் மகளும் யுத்தத்துக்கு முன்பே இந்தியாவுக்கு, ஊருக்குப் போனவர்கள். கடிதம் வந்து ஒன்றரை வருஷமாகிறது. வீட்டில் பேச ஆளில்லாததால்தான் இதை எழுதுகிறேன். இதே வழியில் போகிறவர்களுக்கும் உதவட்டும்.

அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டி இலாகாவின் ஒதுக்குக் காடு இருக்கிறது. தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக்குக் குடிதண்ணீர் அந்தக் காட்டு ஓடைதான். இப்போது அரிசி கிடைக்காததால் எங்கு பார்த்தாலும் காட்டை அழித்து மரவள்ளி நடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் லயத்துப் பெண்களிடம் போய், சம்பளம் தர வழியில்லை, காட்டைச் சும்மா பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். பதினொரு பேர் சம்மதித்தார்கள். பால்வெட்ட ரப்பர் மரங்களை வரிசை வரிசையாக நிரை பிரிப்பதுபோலக் காட்டையும் ஆளுக்கொரு நிரையாகப் பிரித்துக்கொண்டார்கள். “உங்க நிரை மாதிரி பாத்துக்குங்க” என்று பெரிய மனுஷன் தோரணையில் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தச் சமயம் காட்டின் பெரிய பலகை மரங்களான மெராந்தி மரங்கள் காய்த்து ஓய்ந்திருந்தன. பல வருஷத்துக்கு ஒருமுறைதான் அவை காய்க்கும். கீழே விரல் நீளத்தில் கன்றுகள் முளைத்திருந்தன. எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். ஜப்பான்காரர் மாற்றி வைத்த தோக்கியோ மணி அது, பழைய கணக்கில் ஐந்தரை, கும்மிருட்டு. சைக்கிளில் டயருக்குப் பதில் ரப்பர் குழாய். பத்துக் கட்டை, அதாவது பத்து மைல், தாண்டி செமோர். அங்கே ஜப்பான் சிப்பாய் நிற்கும் சாவடியில் இறங்கி நின்று குனிய வேண்டும். உட்கார்ந்தபடியே குனிந்தால் அறை விழும். எனக்கு விழுந்தது. செமோரில் அவித்த மரவள்ளியும் சீனியில்லாக் காப்பியும் இரண்டு வெள்ளி, வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டில். மொத்தம் பதினெட்டுக் கட்டை, நாலு மணி நேரம். வழியில் என்னிடம் பேசியது அந்த அறை ஒன்றுதான்.

காட்டோரத்தில் பாக்கியம் காத்திருந்தாள். பதினொரு பேரில் அவள்தான் முன்னால் நிற்பவள். புருஷனை ஜப்பான்காரர் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய் ஏழு மாதம் ஆகிறது.

“வாங்க கிராணி ஐயா. எங்க நிரைய வந்து பாருங்க. ஒரு புல்லு இருக்காதுலா.”

இல்லைதான். ஒரு புல் இல்லை, ஒரு கன்றும் இல்லை. பெரிய மரங்களுக்குக் கீழே தரை பெருக்கிவிட்டதுபோல் கிடந்தது. ஓரத்தில் பிடுங்கிப் போட்ட குவியலில் மெராந்திக் கன்றுகள் காய்ந்து சுருண்டிருந்தன. தோட்டத்தில் களை நின்றால் கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவான். நிரையைக் கவனிப்பது என்றால் களையெடுப்பது என்றே பழகிய கைகள், வெறும் மரவள்ளியைத் தின்றுகொண்டு, காசு வாங்காமல் இவ்வளவையும் பிடுங்கியிருக்கின்றன. மரம் வெட்ட வந்தவர்களைப் பாக்கியம் பால்வெட்டும் கத்தியோடு வழிமறித்துத் திருப்பி அனுப்பியும் இருக்கிறாள்.

“ஓடப் பக்கம் ரெண்டு நிரைதான் பாக்கி. நாளைக்கு முடிச்சிருவோம்” என்றாள்.

வாயைத் திறக்காமல் போய்விடலாமா என்று தோன்றியது. போனால் அந்த இரண்டும் போய்விடும்.

“தங்கச்சி, தப்பு என்னோடது. இந்தக் கன்னுதான் நாளைக்கு மரமாவணும். புடுங்கக்கூடாதுன்னு நான் சொல்லாமப் போயிட்டேன்.”

அவள் குவியலையே பார்த்தாள். “அப்ப நாங்க செஞ்சது அத்தனையும் வீணா?”

“நீங்க இல்லைன்னா இந்நேரம் இங்க மரவள்ளிதான் நிக்கும்.”

குனிந்து ஒரு காய்ந்த கன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “சரி, விட்டுர்றோம். ஆனா எங்க வீட்டுக்காரரு திரும்பி வந்து, என் நிரையில புல்லு மண்டிக் கெடக்கறதப் பாத்தா, நான் சோம்பேறியாப் போயிட்டேன்னு நெனைப்பாருலா.”

பகல் இரண்டு மணிக்குக் கிளம்பி, அறைக்குப் பயந்து சாவடியில் இரண்டு தடவை குனிந்து, ஆறு மணிக்கு வீடு வந்தேன்.

போகிறவர்கள் சாவடியில் காட்ட வேண்டிய பாஸையும் குடிதண்ணீரையும் மறக்காதீர்கள். சும்மா உழைக்க வருகிறவர்களிடம், எதைச் செய்யக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாக்கியத்தின் நிரை ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில், முதலாவது. இனி அங்கே புல் உயர்ந்துதான் நிற்கும். சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் அங்கே நின்று முகம் சுளித்தால், சைக்கிளை நிறுத்தி அவரிடம் சொல்லுங்கள்: உங்கள் சம்சாரம் சோம்பேறி இல்லை, அப்படியே விடச் சொன்னது ஈப்போ கிராணி.