மோவாய்க்காரர் தேடிய படம்

தெருவில் அவரைப் பார்த்ததும் ஊர்க்காரர்கள் தங்களை அறியாமல் தலையை நிமிர்த்துவார்கள். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணமோ பட்டமளிப்போ பாஸ்போர்ட்டோ, எதற்குப் படம் எடுத்தாலும், "மோவாயைத் தூக்குங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று விரட்டி விரட்டி ஊரையே பழக்கிவிட்டவர் அவர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஸ்டூடியோப் பலகையோடு சேர்ந்து மங்கிப்போனது. ஊருக்கு அவர் மோவாய்க்காரர்தான்.

படம் எடுப்பதில் மனுஷன் கில்லாடி. எடுத்ததைப் பத்திரப்படுத்துவதில் சுத்த மோசம். கேமரா கார்டில் இருப்பதை அப்படியே கணினியில் கொட்டுவார். பெயர் வைப்பது, ஃபோல்டர் பிரிப்பது என்ற பேச்சே கிடையாது. "எல்லாம் உள்ளதான் இருக்கு, எங்க போயிடப் போவுது?" என்பார். உண்மைதான், லட்சக்கணக்கில் உள்ளேதான் இருந்தது. அதில் ஒன்றைத் தேடும் நாள் வரும் என்று மட்டும் அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த நாளைக் கொண்டுவந்தவர் அவர் மனைவி. ரத்த வங்கியில் வேலை, வரும் வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. பாராட்டு விழாவில் திரையில் போடுவதற்குப் பழைய படம் ஒன்று வேண்டும் என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். "அண்ணன் எடுத்ததா பார்த்துக் கொடுங்கக்கா, அவர் எடுக்காததா!" என்று சிரிப்பு வேறு. அதை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு, உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"ஒண்ணா? ஆயிரம் இருக்கும்."

"ஆயிரமெல்லாம் வேணாம், ஒண்ணு போதும். ஊர்ல இருக்கற பொண்டாட்டிங்களை எல்லாம் எடுத்திருக்கீங்களே. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க, நான் அவங்ககிட்ட சொல்லிக்கிறேன்."

சண்டைக்கு வந்திருந்தால் மோவாய்க்காரரும் பதிலுக்கு எகிறியிருப்பார். மனைவியோ தலையணை உறையை மடிக்கிற சாவகாசத்தில் கேட்டார். இவர் எழுந்து போய்க் கணினியைத் திறந்தார்.

மறுநாள் காலை மைத்துனன் ஆஜர். மனைவியின் தம்பி, கணினி பழுது பார்ப்பவன். அக்காவிடம் அத்தான் வசமாக மாட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வருகிற ஜாதி.

"கவலையே படாதீங்க அத்தான். முகத்தை வச்சுத் தேடிடலாம்."

அக்காவின் அடையாள அட்டையில் இருந்த படத்தைக் கணினிக்குக் காட்டினான். அது மும்முரமாக யோசித்தது. பிறகு ஒரே ஆளின் படங்களாகக் கொண்டுவந்து அடுக்கியது. எல்லாம் மைத்துனனின் கல்யாணப் படங்கள், மீசையோடு.

"உனக்கு உங்கக்கா ஜாடைன்னு இப்பதான்டா தெரியுது."

"எனக்கும்தான்" என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

தேதியை வைத்துத் தேடலாம் என்று தங்கள் கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தார். அது கல்யாணங்கள் குவிகிற மாதம். வருஷா வருஷம் அன்றைக்கு யாராவது ஒரு ஊரான் வீட்டுப் பெண் மாலையும் கழுத்துமாக மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மைத்துனன் ஒவ்வொருத்தியையும் நிதானமாகப் பெரிதாக்கிக் காட்டினான்.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும் தன் ஜாதகத்தைத் தானே சுமந்துகொண்டிருக்கும். எந்தக் கேமரா, எந்த லென்ஸ், எப்போது என்று எல்லாம் அதற்குள் பதிந்திருக்கும். மணப்பெண்களை மறந்துபோகும் மோவாய்க்காரர் தான் வாங்கிய லென்ஸ் ஒன்றைக்கூட மறந்ததில்லை. புது லென்ஸ் வீட்டுக்கு வந்தால் முதல் வேலை சோதனைதான். அடுப்படி வாசலில் மனைவியை நிறுத்தி, கையில் செய்தித்தாளைக் கொடுத்து, நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொல்லி எடுப்பார். எழுத்து பளிச்சென்று விழுந்தால் லென்ஸ் பாஸ்.

"லென்ஸ் பேரைப் போட்டுத் தேடுடா! ஒவ்வொண்ணுலயும் முதல் படத்தை மட்டும் எடு!"

எடுத்தான். முதல் லென்ஸில் மனைவி. அடுத்ததிலும் அவர். கறுத்த கூந்தல், நரை எட்டிப் பார்த்த கூந்தல், கண்ணாடி போடாத காலம், போட்ட காலம், எல்லாவற்றிலும் செய்தித்தாளோடு அவரேதான்.

"அத்தான், பொழைச்சுட்டீங்க!"

தொழில் புத்தி சும்மா இருக்குமா? மோவாய்க்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். செய்தித்தாளில் காற்புள்ளிகூடத் துல்லியமாக இருந்தது. அதன் பின்னால் இருந்த முகம் கலங்கிக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. என்றைக்கோ மழை பெய்யும் என்று சொன்ன செய்தியைப் படிக்க முடிந்தது, மனைவியின் கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. மைத்துனன் பக்கத்தில் இல்லாவிட்டால் அழுதுகூட இருப்பார்.

"இது என்ன அத்தான்? இந்த லென்ஸ்ல நாலே நாலு படம்தான் இருக்கு."

"அதை விடு, அது பழுது. வாங்கின அன்னிக்கே திருப்பிக் கொடுத்துட்டேன். ஃபோகஸ் குறி வச்ச இடத்தை விட்டுட்டுப் பின்னாடி போய் நிக்குதுய்யா, இதுக்கெல்லாம் காசான்னு கடைக்காரரைக் கிழிகிழின்னு கிழிச்சேன்."

சொல்லி முடிப்பதற்குள் மைத்துனன் திறந்துவிட்டான். செய்தித்தாள் வெறும் சாம்பல் நிறக் கறை. அதற்குப் பின்னால் மனைவியின் முகம், இமை மயிர் எண்ணலாம் போல. நெற்றியோரம் வியர்வை, அதில் ஒட்டிய ஒரு முடிக்கற்றை. இவர் ஏதோ அதட்டியிருக்க வேண்டும். மனைவி உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

இவ்வளவு அழகாக இவர் வீட்டில் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

சாயங்காலம் மனைவி வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் திரை முன்னால் நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கே. நீங்க எடுத்ததா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம். ஆனால் மைத்துனன் என்று ஒருவன் இருக்கிறானே.

"பழுதான லென்ஸ்க்கா. அத்தான் குறி வச்சது பேப்பருக்கு. அது உன்னை எடுத்துருச்சு. கோபத்துல கடைக்கே திருப்பிட்டாரு."

மனைவி சிரித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த கண்ணைத் துடைத்தார், இன்னொரு தடவையும் துடைத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"இந்த வீட்டுல என்னைப் பார்த்தது அது ஒண்ணுதான். அதையும் திருப்பிக் கொடுத்துட்டீங்களேங்க."