கோதண்டத்தின் கண்ணீர் அஞ்சலி பேனர்கள்

திருவொற்றியூர் மார்க்கெட் முனையில் கோதண்டம் இதுவரை முப்பத்திரண்டு பேரைக் கொன்றிருக்கிறார். ஒருத்தர் மேலும் ஒரு கீறல் கிடையாது. செத்தவர்கள் எல்லோரும் அதே காலையில் அதே முனைக்கு வந்து, தங்கள் படத்துக்குக் கீழேயே நின்று டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

முறை எளிது. எதிராளியின் அணி கால்பந்தில் தோற்க வேண்டும். மறுநாள் ஆறுக்கு நாலு அடியில் ஒரு பேனர் ஏறிவிடும். மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் தோற்ற அணியின் ரசிகர், ஏதோ ஒரு கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிய முகம். இந்தப் பக்கம் 'தோற்றம்', அந்தப் பக்கம் 'மறைவு'. கீழே 'உன் பிரிவால் வாடும்' என்று கூலிங் கிளாஸ் போட்ட எட்டுத் தலைகள். 'அனுமதியின்றி பேனர் வைப்பது குற்றம்' என்று எழுதிய பேனர் தொங்கும் கம்பத்தில்தான் இதையும் கட்டுவார். கயிறும் அதிலிருந்து மிச்சமானதுதான்.

கோதண்டத்துக்கு வயது ஐம்பத்தாறு. காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். இன்ஜின் இருமுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். படிப்பு எட்டாவது. இளவயதில் கட்சிக்குச் சுவர் எழுதினார். ஒரு கட்சிக்கு அல்ல, மூன்று கட்சிக்கு. மூன்றும் ஜெயித்த மறுநாளே அவரை மறந்தன. 1999இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தை யாரோ டேப்பில் போட்டுக் காட்டினார்கள். தொண்ணூறு நிமிடம் தோற்றுக்கொண்டிருந்த மான்செஸ்டர் யுனைடெட் கடைசியில் கொடுத்த கொசுறு நேரத்தில் இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. தோற்றுக்கொண்டிருந்தவன் கடைசி நேரத்தில் ஜெயித்ததை கோதண்டம் எந்தத் தேர்தலிலும் பார்த்ததில்லை, எந்த வேலைநிறுத்தத்திலும் பார்த்ததில்லை. அன்றே சேர்ந்துவிட்டார்.

சேர்ந்தவர் சும்மா இருக்கவில்லை. 'வடசென்னை மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் பேரவை' பிறந்தது. மொத்த உறுப்பினர் பதினொன்று, அதில் பொறுப்பாளர்கள் ஒன்பது. மீதி இரண்டு பேரும் தங்களுக்குப் பதவி தரவில்லை என்று பிரிந்து போய், 'உண்மையான' என்ற சொல்லை முன்னால் சேர்த்து இன்னொரு பேரவை தொடங்கினார்கள். பயிற்சியாளரை மாற்றக் கோரி தாய்ப் பேரவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டு இங்கிலாந்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது. பயிற்சியாளர் மாறினார். தீர்மானத்தால்தான் மாறினார் என்று பேரவை இன்றும் சொல்கிறது. ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவர் ஒரேயொரு கொலையைப் பிசகாகச் செய்தார். அதுவும் சொந்த மச்சானை.

மனைவி மங்கம்மாவின் தம்பி வரதன். எண்ணூரில் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். சாம்பலும் எண்ணெயும் போக முகத்துவாரத்தில் என்ன மிச்சமிருக்கிறதோ அதைப் பிடித்துப் பிழைக்கிறவன். லிவர்பூல் ரசிகன். இஸ்தான்புல்லில் இடைவேளைக்கே மூன்று கோல் வாங்கியிருந்த அணி திரும்பி வந்து கோப்பையைத் தூக்கியதைப் பார்த்து 2005இல் ஞானஸ்நானம் பெற்றவன். மாமனும் மச்சானும் சேர்ந்தால் வீட்டில் சோறு ஆறிப்போகும்.

2022 ஆகஸ்டில் யுனைடெட் தன் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் இரண்டுக்கு ஒன்று என்று லிவர்பூலைத் தோற்கடித்தது. கோதண்டம் விட்டுவைப்பாரா? பேனர் ஏறியது. 'தோற்றம்: 2005, இஸ்தான்புல். மறைவு: 22.08.2022, ஓல்டு டிராஃபோர்டு. தோல்வி தாங்காத துயரில்.' முனைக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் எண்ணூர் பஸ்ஸில் போனவர்களுக்கு முழுசாகப் படிக்க நேரமில்லை. முகத்தையும் 'கண்ணீர் அஞ்சலி'யையும் மட்டும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் எண்ணூர் படகுச் சங்கத்தில் கூட்டம். வரதன் தாமதமாக வந்தான். எல்லோரும் தலைகுனிந்து எழுந்து நிற்பதைப் பார்த்து, அவனும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் நின்றான். ஒரு நிமிடம் போனது. முன்னால் நின்றவரின் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டான்.

"யாருப்பா பூட்டது?"

அவர் திரும்பாமலே சொன்னார். "நம்ப வரதன்பா. நல்ல மன்சன். என்னா, சட்டுனு கோவம் வரும்."

கோபம் சட்டென்றுதான் வந்தது. அது பெரிதில்லை. சங்கத்து எழுத்தர் சுறுசுறுப்பானவர். இரங்கல் தீர்மானம் போட்ட கையோடு உறுப்பினர் பட்டியலிலும் பெயரை அடித்துவிட்டிருந்தார். அடிப்பதற்கு ஒரு நிமிடம் ஆனது. திரும்ப எழுத ஐந்து மாதம். எதிரே நின்று கத்துகிறவனிடம் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்டார்கள். எங்கே வாங்குவது என்று கேட்டால், செத்தவர்களுக்குத்தான் சான்று தருவோம், இருப்பவர்களுக்குத் தரும் வழக்கமில்லை என்றார்கள். வரதன் அலைந்தான். கோதண்டத்தோடு பேச்சை நிறுத்தினான்.

அப்போதுதான் மகள் வினிதாவுக்கு வரன் அமைந்தது. மார்ச் பன்னிரண்டாம் தேதி ஞாயிறு, காலை பத்து மணிக்கு நிச்சயம். அவர்கள் வழக்கத்தில் பெண் வீட்டுத் தாம்பூலத் தட்டைத் தாய்மாமன்தான் தூக்கிக் கொடுக்க வேண்டும். அவன் கை படாமல் தட்டு நகராது. வினிதாவுக்கு இருப்பது ஒரே தாய்மாமன்.

"போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாயா," என்றாள் மங்கம்மா.

"இன்னான்னு சொல்றது? ஜெயிச்சதுக்கு மன்னிப்பா?"

"ஜெயிச்சவன் எவனோ வெள்ளக்காரன். ஒனக்கின்னா ராங்கு?"

கோதண்டம் போகவில்லை. நிச்சயத்துக்கு ஏழு நாள் இருக்கும்போது, மார்ச் ஐந்தாம் தேதி, லிவர்பூல் யுனைடெட்டை ஏழுக்குப் பூஜ்யம் என்று அடித்தது. நாலாவது கோலில் கோதண்டம் டிவியை அணைத்தார். மீதி மூன்றும் அவருக்குத் தெரியாமலே விழுந்தன.

திங்கள் காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முனைக்குப் போனார். தன் சாவைப் பார்க்கப் போகிறவர் கலீஜாகப் போகலாமா? வரதன் விடமாட்டான் என்று தெரியும். ஏழு கோலுக்குக் குறைந்தது பத்துக்குப் பத்தில் வைப்பான். எண்ணூர் முதல் எல்லையம்மன் கோயில் வரை வைப்பான்.

கம்பத்தில் அரசு பேனர் மட்டும் இருந்தது.

செவ்வாயும் போனார். பஸ் ஏறி எண்ணூர் வரைக்கும் போய், ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே திரும்பினார். காது குத்துக்குப் பேனர், பூப்புனித நீராட்டுக்குப் பேனர், எவனோ வண்டி வாங்கியதற்குப் பேனர். அவருக்கு மட்டும் இல்லை. போனைத் திறந்து திறந்து பார்த்தார். ஒரு ஸ்டிக்கர் கூட வரவில்லை.

"பாத்தியா," என்றாள் மங்கம்மா. "ஏழு கோலு போட்டும் எந்தம்பி உன்ன சீண்டல. அவ்ளோதான், அறுத்துவுட்டுட்டான். இனிமே கெஞ்சினாலும் வரமாட்டான்."

கோதண்டத்துக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பத்திரண்டு பேரைக் கொன்றவருக்கு, கொல்லப்படாமல் விடப்படுவது என்ன என்று தெரியாது. உறவில்லாதவனை யார் மெனக்கெட்டுச் சாகடிப்பார்கள்?

புதன்கிழமை பேனர் கடைக்குப் போனார். டிசைனர் அஜீசா ஆர்சனல் ரசிகை. கோதண்டத்தின் கையால் நான்கு முறை செத்தவள். நான்கு பேனரையும் அவளே டிசைன் செய்து கொடுத்திருந்தாள்.

"இன்னிக்கி யாருண்ணே?"

"நாந்தான்."

அவள் மௌஸிலிருந்து கையை எடுத்தாள். "கீழ யாரு பேரு?"

"எண்ணூர் வரதன்னு போடு. என்ன அவன் சாகடிச்ச மாரி இருக்கணும்."

"வாசகம்?"

கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அஜீசா அடித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"அண்ணே, 'வீழ்ந்தாலும் சிங்கமே'ன்னு சொல்றீங்க. எதிரி எழுதற மாரி இல்லியே."

"மருவாத தெரிஞ்ச எதிரிம்மா."

"ஏழுக்குப் பூஜ்யம் எங்க வர்து?"

"கீழ ஓரமா போடு. சின்னதா."

"'நடுவரின் சதியால்'னு வேற கீது. ஏழு கோலுக்குமா சதி?"

"நீ அடிம்மா."

தன்னைத் திட்டி எழுத அவருக்குக் கை வரவில்லை. முப்பது வருடமாக அடுத்தவனை எழுதிப் பழகிய கை. அன்று மாலையே எண்ணூரில் மீன் ஏலம் விடுகிற இடத்துக்கு எதிரே போய்க் கட்டிவிட்டு வந்தார். சங்கத்துக்காரர்கள் இந்த முறை எழுந்து நிற்கவில்லை. இரங்கல் தெரிவிக்கும் முன் ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர்கள் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

வியாழன் மதியம் வாசலில் ஒரு பைக் நின்றது. வரதன் இறங்கினான். கக்கத்தில் சுருட்டிய பேனர். ஏழு மாதம் கழித்து வருகிறான். அக்காவைப் பார்க்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை. பேனரைக் கூடத்தில் விரித்தான்.

"இத்த நான் எழுதனனா?"

கோதண்டம் பேனரின் சுருண்ட முனையைக் காலால் மிதித்து நிறுத்தினார்.

"எண்ணூரே என்னக் கேட்டு சிரிக்குது. ஏழு கோலு வாங்கினவன் சிங்கமா? ஏழு! கூட்டுறவு சங்கத் தேர்தல்ல நின்னவன்கூட இவ்ளோ மோசமா தோக்கல. அவன நான் 'சிங்கமே'ன்னு போடுவனா? 'நடுவரின் சதி'யா? கீழ எம் பேரு! நான் எழுதியிருந்தா நீ மார்க்கெட் பக்கம் தல காட்டியிருப்பியா?"

"அப்ப ஏன் எழுதல?"

"எழுதுவேன், எழுதாம இருப்பேன். உனுக்கின்னா?"

"மூணு நாளா ரோடு ரோடா பாத்துகினு கீறேன்டா," என்றார் கோதண்டம்.

வரதன் முகம் கொஞ்சம் மாறியது. உடனே அதை இழுத்துச் சரி செய்துகொண்டான். "அஞ்சு மாசம் நான் உசுரோட கீறேன்னு ஆபீஸ் ஆபீஸா சொல்லிகினு அலைஞ்சேன். ஒரு தபா வந்தியா மாமா நீ? 'வர்தா, தப்பு பண்ட்டேன்'னு?"

"வந்துருப்பேன். சங்கத்துல ஒன் அஞ்சலிக்கு நீயும் எய்ந்து நின்னியாமே, அத்த நெனச்சி மூஞ்சிக்கு நேரா சிரிச்சிருவேனோன்னு பயம்."

மங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடினாள். உள்ளேயிருந்து பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. வரதன் சிரிக்கவில்லை. மேஜையில் கிடந்த மார்க்கர் பேனாவை எடுத்தான். குந்தி உட்கார்ந்து 'சிங்கமே'யை அடித்தான். 'நடுவரின் சதி'யை அடித்தான். பேனர் முழுக்கக் குறுக்கே 7 என்று எழுதினான். பூஜ்யத்துக்கு இடம் போதாமல் தரையில் இழுத்தான். எழுந்தான்.

"மாமா, ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு," என்றாள் வினிதா கதவோரத்திலிருந்து.

"பாப்பம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பாப்பம் என்றால் வருவேனா, வரமாட்டேனா? இரண்டு நாள் வீட்டில் இதே ஆராய்ச்சி. சனிக்கிழமை சாயங்காலம் லிவர்பூலுக்கு ஆட்டம். எதிரே போர்ன்மவுத். பட்டியலில் கடைசியில் கிடக்கிற அணி. கோதண்டம் வாழ்க்கையில் முதல் தடவையாக லிவர்பூல் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். லிவர்பூல் ஒரு கோல் வாங்கியது. கிடைத்த பெனால்டியையும் வெளியே அடித்தது. தோற்றது.

மங்கம்மா புருஷனின் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "ஒரு வார்த்த, ஒரே வார்த்த பேசின, பொண்ணு கல்யாணம் நின்னுடும். வாய்ல வெத்தலய போட்டுகினு குந்து."

ஞாயிறு காலை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது வரதனும் வந்தான். வெள்ளைச் சட்டை, வேட்டி. மங்கம்மா மூச்சு விட்டாள். அவனைத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். கோதண்டம் வாய் நிறைய வெற்றிலையோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து அடித்தது. வரதன் தட்டைத் தொடவில்லை. பத்தும் ஐந்தும் ஆனது. மாப்பிள்ளையின் அப்பா கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னா மாமா," என்றான் வரதன். "நேத்து மேட்ச்சு பாக்கலியா?"

கோதண்டம் பார்த்தேன் என்று தலையாட்டினார்.

"ஒண்ணும் இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"கடேசில கீறவன்கிட்ட தோத்துட்டு வந்து குந்தினு கீறேன். ஒண்ணும் இல்லியா? மரியாதயா? எனக்கா? நான் இன்னும் செத்தவன் லிஸ்ட்லதான் கீறனா உனக்கு?"

வினிதா அம்மாவைப் பார்த்தாள். மங்கம்மா புருஷனைப் பார்த்தாள்.

"யோவ், சொல்லித் தொலையா."

கோதண்டம் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். முந்தின நாளே எழுதி வைத்தாயிற்று. எழுதாமல் தூங்க முடியுமா? பொதுக்கூட்டத்தில் படிப்பது போல் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"கண்ணீர் அஞ்சலி. தோற்றம், போன ஞாயிறு. மறைவு, இந்தச் சனி. ஆறே நாள் வாழ்ந்து, ஏழு கோல் அடித்த திமிரில் ஒரே கோலில் உதைபட்டு, பெனால்டியைக் கடலில் போட்டுவிட்டுப் போன எங்கள் எண்ணூர்ச் செல்வமே..."

மாப்பிள்ளையின் அப்பா பதறி எழுந்தார். "நல்ல காரியத்துல இன்னாங்க இது? யாரு தவறிட்டாங்க?"

"நாந்தான், நீங்க குந்துங்க," என்று சொல்லிக்கொண்டே வரதன் தட்டைத் தூக்கினான்.