எது ஏ, எது பி

எனக்குப் பொறுமை குறைவு. மாத்தளையில் என்னிடம் உயர்தரப் பௌதிகம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். விடையைக் கிலோகிராமில் எழுதிவிட்டுப் பக்கத்தில் ‘நிறை’ என்று போட்டால், சிவப்புப் பேனாவால் அடித்துத் ‘திணிவு’ என்று எழுதுவேன். எங்கள் பாடத்தில் திணிவு என்றால் பொருளின் அளவு, நிறை என்றால் அதைப் பூமி இழுக்கும் விசை. அதோடு விடாமல் அடுத்த நாள் வகுப்பில் எழுப்பியும் கேட்பேன். என் கணவருக்குத் தம்புள்ளை காய்கறி மொத்தச் சந்தையில் மூட்டை தூக்கும் வேலை. போஞ்சி மூட்டையை ஒரு தரம் தூக்கிப் பார்த்தாலே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். தராசில் வைத்தால் அரைக் கிலோ தப்பாது. “டீச்சர், இப்ப நான் சொன்னது நிறையா திணிவா?” என்று வீட்டுக்கு வந்து என்னைச் சீண்டுவார்.

அந்த நாட்களில் நான் கண்டியில் முதுமாணிப் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வு மங்கலான இரட்டை விண்மீன்களைப் பற்றியது. எங்கோ தூரத்தில் ஒரு விண்மீன் இருக்கிறது. அதற்கு முன்னால், கண்ணுக்கும் கருவிக்கும் தனியே அகப்படாத ஒரு மங்கலான ஜோடி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே குறுக்கே போகிறது. அந்த ஜோடியின் ஈர்ப்பு பின்னால் இருப்பதன் ஒளியை ஒரு வில்லை போல வளைத்துக் குவிக்கிறது. பின்னால் உள்ளது சில வாரம் பிரகாசமாகிவிட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த ஏற்ற இறக்கத்தை வரைபில் போட்டு, முன்னால் போன இரண்டின் திணிவையும் கணக்கிட வேண்டும். “பாக்காததையா நிறுக்கிறீங்க? சந்தையில சொன்னா சிரிப்பாங்க” என்றார் என் கணவர்.

ஒன்றைவிட மற்றது எத்தனை மடங்கு என்ற விகிதம் வரைபின் வடிவத்திலேயே தெரிந்துவிடும். உண்மைத் திணிவுதான் சிரமம். பூமி நகர்வதால் வரைபில் விழும் மிகச் சிறிய கோணலைப் பிடித்தாக வேண்டும். கனமானதற்கு ஏ, இலேசானதற்குப் பி என்று பெயர் வைப்பது எங்கள் வழக்கம்.

இதற்கு நடுவில்தான் நான் முழுகாமல் இருந்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா இரட்டைப் பிள்ளைகள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் திரையில் இரண்டையும் மறுபடி அளந்து பார்த்தார்.

“ஒண்ணு சின்னதா இருக்கு. மத்ததவிட நாலுல ஒரு பங்கு குறைவு.”

“எத்தனை கிராம், டாக்டர்?”

“கிராம் கணக்கு இப்ப முன்னப்பின்ன இருக்கும், வழு கூட. வித்தியாசத்தத்தான் நம்பலாம். படுத்து ரெஸ்ட் எடுங்க, மூணு கெழம கழிச்சிப் பாப்போம்.”

விகிதம் தெரியும், திணிவு தெரியாது. வேறு யாருக்கும் இது புரிந்திருக்காது. எனக்கு அடிவயிறு வரை புரிந்தது. திரையில் கீழே ஏ என்றும் வலப்பக்கம் மேலே பி என்றும் எழுதியிருந்தது. எது சின்னது என்று நான் கேட்கவே இல்லை. பி என்றால் சின்னதுதானே, இதைக்கூடவா கேட்க வேண்டும்?

மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். பின்னேரம் தம்புள்ளையிலிருந்து வந்ததும் அவர் குளித்துவிட்டு என் பக்கத்தில் உட்காருவார். வலது பக்கத்தைக் காட்டி, “இங்கதான் பி இருக்கு, பேசுங்க” என்பேன். “பெத்த புள்ளைய யாராச்சும் பீன்னு கூப்பிடுவாங்களா?” என்று தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் கை வைத்துப் பேசுவார். சாப்பிடு, வளரு, அடுத்ததோட பங்கையும் பிடுங்கித் தின்னு என்பார். நானும் இடது பக்கமே சாய்ந்து படுத்தேன், பி-க்கு இடம் வேண்டுமே என்று.

அதே படுக்கையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு என் ஜோடியையும் பார்த்தேன். கோணல் அவ்வளவு மெல்லியது. இரண்டு விடைகள் ஒரேயளவு பொருந்தின. ஒன்றில், இலேசானது எரிந்து ஒளிரும் அளவுக்குத் திணிவு உள்ளது. மற்றதில் அந்த அளவு இல்லை, ஒருநாளும் சரியாகப் பற்றிக்கொள்ளாது. கண்டியிலிருந்த என் ஆய்வு மேற்பார்வையாளர் போனில் சொன்னார்: “ரெண்டையும் எழுதுங்க. சில வருஷத்துல அந்த ஜோடி பின்னால இருக்கிறதோட வெளிச்சத்தவிட்டு விலகிப் போயிரும். அப்ப ஒளிருதா இல்லையான்னு நேரா பாக்கலாம். அதுவரைக்கும் பொறுங்க.” எல்லாரும் என்னிடம் அதையே சொன்னார்கள்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா திரையைப் பார்த்து, “ஏ இன்னும் சின்னதாத்தான் இருக்கு” என்றார்.

“பி தானே, டாக்டர்?”

“ஏ. கீழ, வெளிய வர்ற வழிக்குக் கிட்ட இருக்கிறதத்தான் நாங்க ஏ-ன்னு சொல்லுவோம். பி நல்லாக் கொழுகொழுன்னு இருக்கு.”

படித்தவள் என்ற திமிர்! வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். மூன்று வாரம் கொஞ்சினது முழுக்கக் கொழுத்ததுக்குப் போயிருக்கிறது. சின்னது கீழே தனியாகக் கிடந்திருக்கிறது. “சும்மா இரு புள்ள, ஒரே வீட்டுலதானே இருந்திச்சி, கேட்டிருக்கும்” என்றார் என் கணவர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அன்றைக்கே கையைக் கீழே வைத்து, “ஏ… ஏ புள்ள…” என்று கூப்பிட்டார். அதைப் பெயர் என்று சொன்னாலும் சரி, கூப்பாடு என்று சொன்னாலும் சரி.

இன்னும் சில வாரத்தில், இனிமேல் காத்திருக்க முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். வழிக்குப் பக்கத்தில் இருந்தவள் முதலில் வந்தாள். ஆயிரத்து நானூற்று இருபது கிராம். பி பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். ஏயைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் குழாய் மாட்டினார்கள். எப்படியும் ஆகலாம், இரண்டுக்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். விண்மீனுக்கு இரண்டு விடை எழுதிய கைதான் இது. இவள் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு விடைதான் வேண்டியிருந்தது.

அவர் தினமும் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து பெட்டியோரம் குனிந்து, “ஏ… ஏ புள்ள…” என்பார். ஒருநாள் அந்தச் சத்தத்துக்கு அவள் கால் அசைந்தது. தற்செயலாக இருக்கும், வழு என்று என் புத்தி சொன்னது. மறுநாளும் அசைந்தது. அதற்கு அடுத்த நாள் நானே கூப்பிட்டேன், அசைத்தாள்.

பத்தொன்பதாம் நாள், நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதி அவளைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். நான் பி-க்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் என் கணவர் கையில் கொடுத்தார். எத்தனையோ வருஷமாக மூட்டை தூக்கிய கைகளைச் சேர்த்துக் குவித்து வாங்கினார்.

“எத்தனை கிலோ சொல்லுங்க பாப்போம்” என்றேன்.

அவர் அவளை மெல்ல மேலே தூக்கினார், இறக்கினார், நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வாய் கோணிக்கொண்டு போனது.

“தெரியல டீச்சர்,” என்றார். “நல்ல பாரமா இருக்கு.”