அக்கா முகத்தைத் தூக்கும் இடம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயர் ‘ஓடாதபடம்’. வைத்தவர் பாய்லர்காரர். தியேட்டரில் ஈ ஓட்டிய படங்களைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மனுஷனை வேறெப்படிக் கூப்பிடுவதாம்? ஊரே விசிலடித்த படத்தைச் சொல்லுங்கள், “பாத்தேன்” என்பதோடு சரி. யாருமே பார்க்காத படமா, ஆள் தொடங்கிவிடுவார்.

“ஹீரோவ விடுங்க. அவனுக்குப் பின்னால ஒரு அடியாள் நிக்கிறான் பாருங்க. அடி வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ எச்சில் முழுங்குவான். அட அட! அதுக்கு யார் கைதட்டினா?”

இதையெல்லாம் உட்கார்ந்து சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். உட்கார அங்கே நாற்காலி ஏது? ஈர விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் நுழைக்கும் மிஷின் முன்னால் நின்றபடியேதான் எல்லாம். வீடு வந்து சேரும்போது குனிந்து செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பிருக்காது. சுவரில் சாய்ந்து, ஒரு காலால் மறுகாலின் செருப்பைத் தள்ளிவிடுவார். அப்புறம் சாப்பாடு, அப்புறம் டீவி முன்னால் ஒரு படம். பக்கத்தில் உட்காரும் மனைவி பாதியிலேயே கண்ணை மூடிவிடுவாள். “ரசனை கெட்ட குடும்பம்” என்று முனகிக்கொண்டே மீதியைத் தனியாகப் பார்ப்பார்.

அத்தனை படங்களிலும் அவர் தலையில் தூக்கிவைத்து ஆடியது ஒரே ஒரு படத்தைத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டீவியில் போட்டது. அவர் ஷிப்டில் இருந்ததால் மனைவி கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தாள். ஓடிப்போன தம்பி பல வருஷம் கழித்து வாசலில் வந்து நிற்கிறான். வளர்த்த அக்கா உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அவன் ஏதேதோ சொல்கிறான், அழுகிறான். அவள் நிமிரவே இல்லை. கையில் இருந்த சட்டையின் காலரைத் தடவுகிறாள், மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். பிறகு மெல்ல முகத்தைத் தூக்குகிறாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது. மன்னித்தாளா, துரத்தினாளா? யாருக்குத் தெரியும்!

“வணக்கம்னுகூடப் போடல தெரியுமா? அப்படியே விட்டுட்டான். இப்படி முடிக்க எவனுக்குத் தைரியம் வரும்? அக்காவா நடிச்ச அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் எங்க போனான்னே தெரியல, கண்டுக்க ஒரு நாதி இல்ல!” இதையே கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்குக் காது புளித்துவிட்டது.

கேசட்டுப் பெட்டி காயலான் கடைக்குப் போவதற்கு முன்பே படத்தை சிடியில் ஏற்றி, பிறகு அதையும் பென்டிரைவுக்கு மாற்றிப் பொன்போல வைத்திருந்தார். கோடுகோடாகத் தெரியும், சத்தம் குடத்துக்குள்ளிருந்து வரும். அப்படியிருந்தும் விடவில்லை மனுஷன்.

வம்பு மனைவியின் தம்பி வடிவில் வந்தது.

“மாமா, ஒண்ணு பண்ணுவோம். ஞாயித்துக்கிழமை உங்க அந்தப் படத்த எல்லாரும் முழுசாப் பாக்குறோம். நல்லா இருந்துச்சா, நான் கால்ல விழுறேன். குப்பையா இருந்துச்சுன்னா இனிமே ஓடாத படம்னு நீங்க வாயே திறக்கக் கூடாது. சரியா?”

“சரிடா!” என்றுவிட்டார் ரோஷத்தில். அப்புறம் மிஷின் முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது. வீட்டில் சரி, வேலையில் சரி, அவர் பேச்சை நாலு பேர் கேட்பதே இந்தப் படங்களை வைத்துத்தான். அதுவும் போய்விட்டால் விரிப்பை நுழைக்கும் இரண்டு கைகள் மட்டும்தான் மிச்சம். நெஞ்சுக்குள் பயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாய்லர்காரரும் வந்து சேர்ந்தார். நம்மவர் பென்டிரைவை எடுக்க, மச்சினன் தடுத்தான்.

“அத வைங்க மாமா. நெட்லயே கிடைக்குது, கண்ணாடி மாதிரி பிரிண்ட்டு.”

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “அதான் இருக்கே, மாமாவோடதயே போடேன்டா” என்றாள். யார் கேட்டார்கள்?

படம் ஓடியது. ஆச்சரியம், ஒருத்தரும் நெளியவில்லை. அக்கா காலரைத் தடவிய இடத்தில் பாய்லர்காரர் கையிலிருந்த டம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்தார். அக்கா முகத்தைத் தூக்கினாள். நம்மவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “எப்படி? முடிச்சிட்டான் பாத்தீங்களா!” என்று எழுந்தே விட்டார்.

படம் முடியவில்லை.

“தம்பீ...” என்று அலறிக்கொண்டு அக்கா ஓடிவந்தாள். கட்டிப்பிடித்துப் பக்கம் பக்கமாக வசனம் பேசினாள். வில்லன் ஜீப்பில் வந்தான். எண்ணெய் பீப்பாய்கள் உருளும் குடோனில் சண்டை. அக்கா குறுக்கே பாய்ந்து குண்டு வாங்கினாள், ஆஸ்பத்திரியில் பிழைத்தாள், தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். காமெடியன் மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு அசடு வழிய, எல்லோரும் சிரிக்க, ‘வணக்கம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டது.

மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். “என்ன மாமா, உங்க தைரியமான முடிவு ஜீப்புல வருது!” பாய்லர்காரர் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை, அது அதைவிட மோசமாக இருந்தது. “அந்தப் பொண்ணு நல்லாத்தான் பண்ணிச்சு” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நம்மவர் மானம் கப்பலேறி, அக்கரையும் போய்ச் சேர்ந்துவிட்டது.

எல்லோரும் போனபிறகு நாற்காலியில் அப்படியே கிடந்தார். மனைவி டம்ளர்களைப் பொறுக்கினாள்.

“போச்சு. இனிமே வாயத் தொறக்க முடியாது. இத்தன வருஷம் எத நம்பிப் பேசிட்டிருந்தேன் நான்?”

“எனக்குத் தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“ஜீப்பு, குடோன், எல்லாம். டீவில போட்டப்பவே முழுசாப் பாத்தேனே. நடுநடுவுல விளம்பரம் வேற. அந்த அக்கா முகத்தத் தூக்குற இடத்துல கேசட் தீந்துபோச்சு.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அடிப்பாவி! ஏன்டி சொல்லல?”

அவள் டம்ளர்களோடு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கும் அலுப்பாகத்தான் இருந்தது.

“சொல்லத்தான் உக்காந்திருந்தேன். நீங்க அன்னிக்குக் கால் ரெண்டும் வீங்கி வந்தீங்க. இந்த வேலை வேணாம், செத்துருவேன்னீங்க. அப்புறம் படத்தப் பாத்தீங்க. என்னா முடிவு, என்னா முடிவுன்னு தேம்பித் தேம்பி அழுதீங்க. அழுதுட்டு அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினீங்க. வேலைக்குச் சேந்ததுலேருந்து அன்னிக்குத்தான் தூங்கினீங்க. மறுநாள் எந்திரிச்சு வேலைக்கும் போனீங்க. நான் எப்படிங்க அதக் கெடுப்பேன்?”

அவர் தன்னை மீறிச் சிரித்தார்.

“அப்ப நான் இவ்வளவு நாளா ஊரெல்லாம் புகழ்ந்துட்டுத் திரிஞ்ச டைரக்டர் நீதானா?”

“ஆமா” என்றாள் அவள், டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு எழுந்தபடி. “என்னயும்தான் யாரும் கண்டுக்கல.”