வெளுத்த விரல்கள்

மேடையில் பேசிப் பழகியவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எனக்கு அது ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் பேச்சுப்போட்டி முடிந்து ஊர் திரும்பும்போது கோப்பையைப் பையில் வைக்கமாட்டேன். பேருந்தில் இருப்பவர்கள் பார்க்க வேண்டுமே. எவர் பேச்சையும் கேட்ட மாத்திரத்தில் அக்கக்காகப் பிரித்துவிடலாம் என்று நான் நம்பியிருந்த அந்த ஆண்டில்தான் மாமா இறந்தார்.

மாமா, என் அம்மாவின் தம்பி. கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் இடையே ஜீப் ஓட்டினார். முதலில் வண்டியை நிறுத்திய பின் குடித்தார்; பிறகு நிறுத்துவதற்கு முன்பே குடித்தார்; பிறகு வண்டி போய்க் குடி மட்டும் தங்கியது. மஞ்சள் காமாலையில் இறந்ததாக நாங்கள் ஊருக்குச் சொன்னோம். ஊர் எங்கள் முன் தலையாட்டிவிட்டு, டீக்கடையில் போய் வேறு பேசியது. மாமாவின் மகள் அப்போது கைக்குழந்தை.

காரியத்தன்று போட்டுக்காட்ட அத்தை ஒரு வீடியோப் படம் செய்யச் சொன்னார். கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்த ஸ்டுடியோக்காரரே அதையும் செய்து கொடுத்தார். புறாக்கள் பறக்க, மேகத்தைப் பிளந்துகொண்டு மாமா வருவார், கோட்டு அணிந்திருப்பார். காக்கிச் சட்டையைத் தவிர வேறெதிலும் நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. ஸ்டுடியோவில் தலையில்லாத ஒரு கோட்டு உடம்பு எப்போதும் தயாராக இருக்கும் போலும். அதன்மேல் மாமாவின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். முகம் கறுப்பு; கோட்டின் கைக்கு வெளியே தெரிந்த விரல்களோ வெள்ளைவெளேரென்றிருந்தன. பின்னணியில் புல்லாங்குழல் அழ, கீழே ‘உழைப்பே உயிரென வாழ்ந்தவரே’ என்று எழுத்து ஓடியது. பந்தலில் அதைப் பார்த்து, டீக்கடையில் வேறு பேசியவர்களும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் தமிழம்மா வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார். விளம்பரமோ, துண்டறிக்கையோ, திரைப்படமோ, நம்மை ஒன்றை நம்பவைக்க முயலும் எதையும் நான்கு கேள்விகளால் சோதிக்கச் சொன்னார். யார் சொல்கிறார்? யாருக்குச் சொல்கிறார்? எந்த உணர்ச்சியைத் தூண்டுகிறார்? எதைச் சொல்லாமல் விடுகிறார்? மற்றவர்கள் நகைக்கடை விளம்பரத்தையும் தேர்தல் நோட்டீசையும் கொண்டுவந்தார்கள். நான் மாமாவின் படத்தை எடுத்துக்கொண்டேன்.

“புல்லாங்குழல் எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள்,” என்று ஆரம்பித்தேன். “முகம் வருமுன்பே குழல் வந்துவிடுகிறது. அழுகை முதலில், காரணம் பிறகு. இந்தப் படத்தில் புறா உண்டு, மேகம் உண்டு, கோட்டு உண்டு. புட்டி மட்டும் இல்லை. விரல்களைப் பாருங்கள்! பொய் கையும் களவுமாகப் பிடிபடுவது அங்கேதான்.”

வகுப்பு சிரித்தது, பிறகு கைதட்டியது. தமிழம்மா மட்டும், “இரண்டாவது கேள்வியை இன்னும் கொஞ்சம் யோசிம்மா,” என்றார். முழுப் பாராட்டைத் தர மனம் வராதவர்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அம்மா பெருமை தாங்காமல் இதை அத்தையிடம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை போனபோது அத்தை முறத்தில் சாமையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நீட்டிய காலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“இன்னாடி, மாமா படத்தப் பத்திப் பேசிக் கைதட்டு வாங்கினியாமே. எனக்கும் பேசிக்காட்டு.”

பேசிக்காட்டினேன், தாளில்லாமல். புட்டி வந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். இரக்கத்தால் அல்ல, தாழ்த்தினால் கேட்பவர்கள் முன்னே சாய்வார்கள் என்பது மேடை கற்றுத்தந்த உத்தி. அத்தை சாயவில்லை, கல் பொறுக்குவதையும் நிறுத்தவில்லை.

“புறா எனக்கும் புடிக்கலடி. அந்த ஸ்டுடியோக்காரன்தான் ஜாஸ்தியா வுட்டுட்டான்,” என்றார். சற்றுப் பொறுத்து, “யாருக்குச் சொல்றாங்கன்னு ஒரு கேள்வி சொன்னியே, அதுக்கு இன்னா எழுதின?”

“ஊருக்கு, அத்தை. ஊர் வாயை மூடறதுக்கு.”

“ஊருக்குத்தான் எல்லாம் தெரியுமேடி. குடிச்சிட்டு வுழுந்து கெடந்தப்பல்லாம் அவர வூட்டாண்ட கொண்டாந்து போட்டதே அவங்கதான.” குழந்தையின் முகத்தில் உட்கார்ந்த ஈயை முந்தானையால் ஓட்டினார். “ஆனா நல்லாத்தான் பேசற.”

கடைசி வாக்கியத்தை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

இப்போது கல்லூரிக்காகப் பேசுகிறேன். எதிரணி முடிக்குமுன்பே மறுப்பு என் நாக்கில் இருக்கும். மாமாவின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இவ்வாண்டு திதிக்குப் போயிருந்தபோது, அத்தையின் போனை எடுத்துக்கொண்டு வந்து என்னருகே உட்கார்ந்தாள். அந்தப் படம் அவளுக்கு மனப்பாடம்.

“அக்கா, எங்கப்பா கோட்டு போட்டுக்கினுதான் ஜீப்பு ஓட்டுவாராமே?”

“ஆமா பாப்பா.”

“அப்ப கை மட்டும் ஏங்க்கா வெள்ளையா இருக்குது?”

அடுப்பருகே அத்தையின் கரண்டி நின்றது. அவர் திரும்பவில்லை. மணியடிக்குமுன் பதில் சொல்லிப் பழகிய நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“மலை ஏர்ற ஜீப்பு சூடாயிடும் பாப்பா. வழியில அங்கங்க நிறுத்தித் தண்ணி ஊத்தணும். உங்கப்பா எந்நேரமும் தண்ணியிலயே...”

‘தண்ணி’ என்றதும் வாக்கியத்தை அங்கேயே வெட்டினேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. டீக்கடையில் மாமாவைப் பற்றி ஊர் பேசியதும் இதே வாக்கியத்தைத்தான்.

அத்தை திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார்.

“தண்ணியிலயே கைய வச்சிக்கினு இருந்தாரு பாப்பா. அதான் வெளுத்துப்போச்சி.”

சிறுமி நம்பினாள். திரையிலிருந்த வெள்ளை விரல்கள்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பில் ‘ஊர்’ என்று நான் விடையெழுதிய இடத்தில், அன்று அத்தையின் காலில் தூங்கிக்கொண்டிருந்தவள் இவள்.

“அக்கா, இன்னொரு வாட்டி போடு,” என்றாள்.

போட்டேன். முகம் வருமுன்பே குழல் வந்தது.