குழம்புக்கு எடுத்தாச்சா?

இந்திராணியின் முன்பற்கள் இரண்டும் தேய்ந்திருக்கும். வெற்றிலை பாக்கால் அல்ல, பறியால். பழவேற்காடு ஏரியில் இறால் தடவும் பெண்கள் ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, தாடை நனைய நனையக் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவுவார்கள். கையில் சிக்கும் இறாலை அப்படியே பறிக்குள் போடுவார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. இருக்கிற மூலதனம் பத்து விரல்தான். இந்திராணிக்கு இப்போது நாற்பத்தாறு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு இதுதான் வேலை. புருஷன் எளாவூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

நான் சுதா. பஜார் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்திராணியின் மகள் சந்தியா போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் போட்டது என் கடைக் கம்ப்யூட்டரில்தான். அதனால் இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு. பெருமைப்படும்படியான பங்கு இல்லை, அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தடவிவிட்டுக் கரையேறும் பெண் பறியை வியாபாரியிடம் நீட்டுவாள். அவர் உடனே எடை போட மாட்டார். "குழம்புக்கு எடுத்தாச்சா?" என்று கேட்பார். அவள் பறிக்குள் கைவிட்டு, தனக்குப் பிடித்த இறாலாகப் பார்த்து ஒரு பிடி அள்ளி மடியில் கட்டிக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் தராசு. அந்தப் பிடிக்கு விலை கிடையாது, பெரிய இறாலாக எடுத்தால் யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள். தராசில் விரலை வைத்து அழுத்துகிற வியாபாரிகூட இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார். அந்த ஒரு பிடியில்தான் சந்தியா வளர்ந்தாள். இறாலும் முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் கூழும் தின்று, பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு ஓடிய பெண்.

சந்தியா எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஊரே கொண்டாடியது. தடவிப் பிழைக்கிற குடும்பங்களில் இதுவரை ஒருவரும் காக்கிச் சட்டை போட்டதில்லை, ஒரு காக்கிச் சட்டைக்காரரிடம் நிமிர்ந்து பேசியதுகூட இல்லை. இனி உடல் தகுதித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. நானூறு மீட்டர் ஓட வேண்டும், தாண்ட வேண்டும், பந்து எறிய வேண்டும். அதில் தவறினால் எழுத்துத் தேர்விலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும், அடுத்த ஆள் எடுப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் பொன்னேரியில் பயிற்சி மையம் நடத்தும் பிரபாகரன் மாஸ்டரிடம் சேர்ந்தாள். மாஸ்டர் நல்ல வாட்டசாட்டமான ஆள். காலையில் மைதானத்தில் விசில் ஊதுவார், மீதி நேரத்தில் சத்துப் பவுடர் விற்பார். அந்தப் பவுடருக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தது நான். என் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்ததும் நான்தான். போதாததற்கு எடை குறையும் என்று நானே ஒரு டப்பா வாங்கிக் குடித்தேன். எடை குறையவில்லை, வயிறுதான் நாலு நாள் உப்பிக் கிடந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு டப்பாவை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அந்த வெட்கத்தை மட்டும் விட்டிருந்தால் பாதிக் கதை நடந்தே இருக்காது.

மாஸ்டர் இந்திராணியைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "சோறு, கொழம்புன்னு வயித்த ரொப்பினு வந்தா ஓட முடியாதும்மா. காலைல ஒரு கிளாஸ், ராத்திரி ஒரு கிளாஸ் இத்த கலக்கிக் குடு. மத்தியானம் ரெண்டே ரெண்டு சப்பாத்தி. அவ்ளோதான்."

இந்திராணி தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள்: "எறாலயும் சத்து கீதுன்னு சொல்லுவாங்களே சார்?"

"எறா சூடும்மா. ஓடற பொண்ணுக்கு ஆவவே ஆவாது."

படித்தவர், பேன்ட் போட்டவர், கழுத்தில் விசில் வேறு. இந்திராணி நம்பிவிட்டாள். ஒரு டப்பா என்பது அவளுக்கு எட்டு நாள் ஏரி. மாதத்துக்கு இரண்டு டப்பா வேண்டும். மீதி நாள்களில் அரிசி, பஸ், பயிற்சிக் கட்டணம் எல்லாம் சமாளிக்க வேண்டும். எங்கே குறைப்பது? குறைக்க அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

மறுநாள் கரையில் வியாபாரி தருமலிங்கம் வழக்கம்போலக் கேட்டார். "குழம்புக்கு எடுத்தாச்சா?"

"வேணாம். அத்தயும் தராசுலயே போடு."

தருமலிங்கம் தராசைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா இந்திராணி, வூட்ல யாருக்கனா ஒடம்பு சரியில்லியா?"

"எல்லாம் நல்லாத்தான் கீறோம். நீ போடு."

அவர் அந்தப் பிடிக்குத் தனியாகக் காசு கொடுத்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இறாலை விற்றுப் பவுடர் வாங்குவதைப் போன்ற பைத்தியக்காரத்தனம் எங்கள் கரையில் அதற்கு முன் நடந்ததில்லை. ஆனால் இந்திராணியின் மூளையில் கணக்கு வேறு மாதிரி ஓடியது. சும்மா கிடைக்கிறது சேற்றில் கிடக்கிற இறால். டப்பாவில் பூட்டி, மேலே வெள்ளைக்காரன் படம் போட்டு, இவ்வளவு விலைக்கு விற்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இல்லாமலா இருக்கும்? அவளை மட்டும் சொல்லி என்ன, நானும் அப்படி நினைத்து வாங்கியவள்தானே.

ஏழு மாதம் இப்படிப் போனது. சந்தியா குழம்பு சாப்பிடாததால் வீட்டில் குழம்பே வைப்பதில்லை. இந்திராணி ரேஷன் சோற்றில் தண்ணீர் ஊற்றி, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு ஏரியில் இறங்குவாள். தேர்வுக்கு முந்தைய வாரம் அனுமதிச் சீட்டை அச்செடுக்க சந்தியா கடைக்கு வந்தாள். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வருகிறது என்றாள். "ஒழுங்கா சாப்டறியாடி?" என்று கேட்டேன். "மாஸ்டர் பர்ஃபெக்ட்னு சொன்னாருக்கா" என்று சிரித்தாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். அலமாரிக்குப் பின்னால் கிடந்த டப்பாவை எடுத்து அவளிடம் காட்டியிருக்கலாம். வாய்தான் வரவில்லை.

தேர்வு நாளன்று இந்திராணி மைதானத்துக்கு வெளியே, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் இருநூறு மீட்டர் சந்தியாதான் முன்னால் ஓடினாளாம். மூன்றாவது வளைவில் வேகம் குறைந்தது. ஒருத்தி தாண்டினாள், இரண்டாமவள் தாண்டினாள். பிறகு சந்தியா நடக்க ஆரம்பித்தாள். கோட்டுக்கு முப்பது அடி இருக்கும்போது முட்டி மடங்கி உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். "கை காலு ஆட்டுவா, எந்திரிச்சிடுவான்னு பாத்துக்கினே இருந்தேங்க்கா. அதுக்குள்ள நேரம் முடிஞ்சிச்சின்னு விசில் ஊதிட்டான்" என்று இந்திராணி பிறகு என்னிடம் சொன்னாள். அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த நர்ஸ் இந்திராணியைக் கேட்டாள்: "எந்த ஊரும்மா நீங்க?"

"பழவேற்காடு."

"ஏரியும் கடலும் இருக்கிற ஊர்ல இருந்துக்கிட்டுப் பொண்ண இப்பிடிப் பட்டினி போட்டிருக்கீங்களே. மீனு, எறா, முட்டை ஒண்ணுமே குடுக்க மாட்டீங்களா?"

பட்டினி போட்டவள் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள், அதுவும் பட்டினி கிடந்தவளைப் பார்த்து.

அன்று மாலை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். முதலில் சர்க்கரை. அடுத்தது ஏதோ மாவு. அதற்கடுத்து வாயில் நுழையாத நாலு பெயர்கள். புரதம் என்று பெரிய எழுத்தில் முன்னால் போட்டிருந்தது பின்னால் பொடி எழுத்தில் கடைசிக்கு அருகே இருந்தது. வாங்கும்போது பார்த்தது முன்பக்கத்தை மட்டும்தான். கடைக் கண்ணாடியிலிருந்து நோட்டீஸைக் கிழித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை இந்திராணியை இழுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் பஸ் ஏறினேன். மாஸ்டரை நடுத்தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்காமல் வருவதில்லை என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மாஸ்டர் மைதானத்தில் இருந்தார். வீட்டில் அவர் மனைவி ஹேமாவதி மட்டும். பாவம், ஒன்றும் தெரியாத பெண். சந்தியாவின் அம்மா என்றதும் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். கிணற்றடியில் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் ஒரு கூடை இறால் உரிக்கக் கிடந்தது. இந்திராணி மோரைக் குடிக்காமல் அந்தக் கூடையையே பார்த்தாள். பிறகு போய்க் குந்தி, ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க ஏரி எறா. வலைல வந்ததில்ல, கைல புடிச்சது. பாருக்கா, மீசகூட ஒடையல" என்றாள் என்னிடம்.

"ஆமாம்மா, கரெக்டா சொல்லிட்டீங்களே!" என்று ஹேமாவதிக்கு ஒரே ஆச்சரியம். "வாராவாரம் தருமலிங்கம்னு ஒருத்தரு எங்களுக்குன்னு தனியா குடுத்தனுப்புவாரு. இவருக்கு எறா இல்லாம ஞாயித்துக்கெழம ஓடாது. மத்த நாள்ல தெனம் நாலு முட்டை, வேர்க்கடலை, சுண்டல்."

"பவுடர் குடிக்க மாட்டாரா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "ஐயய்ய, அத்த இவரு தொடவே மாட்டாரு. வயிறு ஊதிக்குமாம். அது விக்கறதுக்கு."

வாயைத் திறந்து கத்தப் போனேன். அதற்குள் ஹேமாவதி இந்திராணியின் பக்கம் திரும்பி, "நீங்களே புடிக்கிறவங்கதானே? எதுக்கு நடுவுல ஒரு ஆளு? நேரா எங்களுக்கே கொண்டாந்து குடுக்கறீங்களா?" என்றாள்.

"எவ்ளோ பெருசா வோணும்?" என்று கேட்டாள் இந்திராணி.

முப்பத்து நாலு வருடப் பழக்கம். இறால் வேண்டும் என்று யார் கேட்டாலும் வாயில் முதலில் வருவது அதுதான். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையிலிருந்த இறாலைக் கூடையில் வைத்துவிட்டு எழுந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். நான் ஹேமாவதியிடம் என்னென்னவோ கத்தினேன். அந்தப் பெண் திருதிருவென விழித்தாள். திட்ட வேண்டியவன் மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தான். இன்றுவரை அவனை யாரும் ஒன்றும் செய்யவில்லை. புதிதாக நாற்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேள்வி.

மறுநாள் இந்திராணி ஏரியில் இறங்கினாள். கரையேறியதும் தருமலிங்கம் தராசோடு நின்றார். ஏழு மாதமாகக் கேட்காமல் விட்டிருந்தவர், என்ன தோன்றியதோ, அன்று கேட்டார். "குழம்புக்கு எடுத்தாச்சா?"

"மொத்தமும் குழம்புக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, பறியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் நான் போனபோது சந்தியா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் சுடுசோறு, மேலே புளிப்பும் காரமுமாக இறால் குழம்பு, ஓரத்தில் முருங்கைக்கீரைப் பொரியல். இரண்டாம் முறை அவளே சட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இந்திராணி சுவரில் சாய்ந்து மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தியா விரலைச் சூப்பிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"இவ்ளோ பெரிய எறா நம்ம வூட்ல ஆக்கி எவ்ளோ நாளாச்சி. இத்தினி நாளா இதெல்லாம் எங்கம்மா போச்சி?"

"ஒங்க மாஸ்டர் வூட்டுக்கு" என்றாள் இந்திராணி.

சந்தியாவின் கை பாதியில் நின்றது. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்திராணி எழுந்து வந்து, சட்டியில் மிச்சமிருந்ததை எல்லாம் வழித்து மகளின் தட்டில் போட்டாள்.

"துன்னு. இப்ப துன்னு" என்றாள்.