வலி இல்லை, வாயு

கட்டிங் மாஸ்டர் வேலை என்றால் சும்மா இல்லை. நாற்பது அடுக்குத் துணியை மேசை நீளத்துக்கு விரித்து, மேலே காகித அச்சை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, கரண்ட் கத்தியை ஓட்ட வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் நாற்பது சட்டைக்கும் தோள் கோணல். அதனால் நம்ம மாஸ்டர் ஒன்றுக்கு மூன்று தடவை அளப்பார். அளந்த பிறகும் கத்தியைத் தொடாமல் முறைத்துக்கொண்டு நிற்பார். "வெட்டிட்டா ஒட்டாதுய்யா" என்பார். அந்த யூனிபார்ம் தையல் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக அவர் கையால் ஒரு துணி வீணானதில்லை. அந்தப் பெருமை மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூடத்தில் எல்லோருக்கும் உடம்புப் பரிசோதனை நடந்தது. மாஸ்டரின் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "பித்தப்பையில கல்லு இருக்கு. தொந்தரவு ஒண்ணும் இல்லல்ல? அப்ப இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். வலின்னு வந்தா மட்டும் தள்ளிப்போடாம உடனே வாங்க" என்றார். மாஸ்டர் முழுசாகத்தான் கேட்டார். வெளியே வரும்போது மனசில் பாதிதான் மிச்சம். ஆபரேஷன் வேண்டாம். அப்பாடா!

மீதிப் பாதியைக் கெடுத்தவர் இஸ்திரி போடுகிறவர். "கல்லா? எனக்கும் இருந்துச்சு மாஸ்டர். தண்ணியக் குடிச்சுத் தள்ளுங்க, ஒண்ணுக்குப் போறப்பவே போயிடும். வலி வந்தா இடுப்புல வரும். அப்ப பாத்துக்கலாம்." அவருக்கு வந்தது சிறுநீரகக் கல். பித்தப்பைக்கும் ஒண்ணுக்குப் போவதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் நம் வாயில் இரண்டும் கல்லுதானே! மாஸ்டர் அன்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். இடுப்பில் வலி வருகிறதா என்று காவல் இருந்தார். வரவே இல்லை. கல் கரைந்துவிட்டது என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

வந்தது வேறு. எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்கு அடியில் பிடிக்கும். பிடி முதுகுக்குப் போய்த் தோள்பட்டையில் நிற்கும். மாஸ்டர் மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு, வேர்த்து வழிய நிற்பார். யாராவது கேட்டால் "ஒண்ணுமில்ல, வாயு" என்பார். ஒரு சோடா, இரண்டு ஏப்பம். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதுவாகப் போய்விடும். இப்படி ஏழெட்டுத் தடவை. வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் மனைவி பயந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தன் வயிற்றில் கத்தி வைத்துவிடுவார்களோ என்பதுதான் உண்மையான பயம்.

ஒரு திங்கட்கிழமை காலை, மஞ்சள் நூல்கண்டோடு வந்த, பட்டன் தைக்கிற அக்கா அவர் முகத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாஸ்டர்! உங்க கண்ணு என்ன, இந்த நூல் கலர்ல இருக்கு?"

கண்ணாடியில் பார்த்தார். ஐயோ! வெள்ளை விழி வெள்ளையாகவே இல்லை. முந்தின நாள் பிடித்த வாயு இன்னும் விடவில்லை. உடம்பு குளிரில் உதறுவதும் அப்போதுதான் உறைத்தது. சாக்பீஸ் கையிலிருந்து விழுந்து உடைந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர், பக்கத்தில் பதறி ஓடிவந்த மனைவி, எதிரே அதே டாக்டரம்மா.

"ஒரு கல்லு நழுவி பித்தக்குழாய அடைச்சிருக்கு. கிருமியும் ஏறியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே வாய் வழியா குழாய் விட்டு அந்தக் கல்ல எடுக்கணும். கொஞ்சம் தேறினதும் பித்தப்பையையே எடுத்துடணும்."

மாஸ்டர் மெல்ல இழுத்தார். "இன்னும் கொஞ்சம் தண்ணி குடிச்சுப் பாக்கலாமா டாக்டர்?"

"குளமே குடிச்சாலும் இது கரையாது. வலி வந்தா வாங்கன்னு சொன்னேனே?"

"வலியே வரலியே. வெறும் வாயுதான்."

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அந்த வாயுதாங்க வலி! முதல் தடவை வந்தப்பவே வந்திருந்தா, நாள் குறிச்சு நிதானமா எடுத்திருக்கலாம். சரி, எங்க பிடிக்கும், சொல்லுங்க."

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். தன் வலது விலாவுக்குக் கீழே நான்கு விரலை வைத்து அழுத்திக் காட்டினாள்.

"இங்கதான் டாக்டர். எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டா வரும். அப்படியே முதுகுக்குப் போயி, இந்தத் தோள்பட்டையில நிக்கும். ரெண்டு மணி நேரம் உயிர எடுத்துட்டுத்தான் விடும்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டே போனார். மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நாள்கூட இவளிடம் சொன்னதில்லையே! தோள்பட்டை வரைக்கும் எப்படித் தெரியும்?

"ஏய், இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

அவள் கை இன்னும் விலாவிலேயே இருந்தது. "யாரு சொல்லணும்? எனக்கும் ஒரு வருஷமா வருதுல்ல. வாயுதானேன்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" மாஸ்டர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னீங்களா?"

டாக்டரம்மா எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். "நீங்க முதல்ல உக்காருங்கம்மா. உங்களுக்கும் ஒரு ஸ்கேன் எடுக்கணும்."